எதிர் சீட்டில் இருப்பவரின் முகம் - பயணிகளைப் படம் பிடித்த வரலாறு

நீலகிரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மலை ரயில்தான். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் ஊட்டி வரையிலும் வந்து சேர்ந்த அந்த ரயிலை எடுக்காத கேமரா இல்லை. 1982-இல் வெளிவந்த மூன்றாம் பிறை படத்தின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. 1998-இல் மணிரத்னத்தின் உயிரே (இந்தியில் தில் சே) படத்துக்காக ரயிலின் கூரை மேலேயே ஆட விட்டார்கள். 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்துவிட்டது.

ஆனால் அந்த மலையில் வாழ்பவர்கள் தினமும் ஏறி இறங்குவது ரயிலில் அல்ல, பேருந்தில்! ஊட்டியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் மஞ்சூரை எடுத்துக் கொள்ளுங்கள். குந்தா, எடக்காடு, கிண்ணக்கொரை, தாய்சோலை, கோரகுந்தா என்று சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் ரயில் கிடையாது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மின்வாரிய ஊழியர்கள், வெள்ளைத் துணி உடுத்திய படுகர் பாட்டிமார், கேரட் மூட்டையோடு ஏறுகிற விவசாயி... எல்லோருக்கும் பஸ் ஒன்றுதான் கதி. ரயிலுக்குப் பல்லாயிரம் படங்கள் இருக்கின்றன. இவர்களின் முகங்களை யார் எடுத்தார்கள்? எடுக்கலாமா? எடுத்தால் அது கலையா, திருட்டா?

இது சின்னக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் முதல் பக்கம் நீலகிரியிலேயே கிடைக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில் வந்தது "மாதிரி"

ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென் என்ற ஆங்கிலேயர் 1865-இல் ஊட்டிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு அளவில்தான். பின்னாளில் ஊட்டியின் புகழ்பெற்ற படக்காரர் ஆனார். 1924-இல் இறக்கும் வரை அவருடைய பெயர் நீலகிரியோடு சேர்ந்தே இருந்தது. ஊட்டியின் ஏரி, பங்களாக்கள், வெள்ளைக்காரர்களின் வேட்டைக் குழுக்கள், தோடர்கள், கோத்தர்கள் என்று எல்லாவற்றையும் அவர் படமாக்கினார்.

அதே காலத்தில்தான் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக "இந்திய மக்கள்" என்ற பெரும் நூலை ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்தார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, ஆளப்படும் மக்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் ஆங்கில அரசுக்கு இருந்தது. நீலகிரியின் முதல் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இம்மலையின் பழங்குடிகளைப் பற்றி எழுதிய நூலும் புகைப்படங்களோடு 1873-இல் வந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டதால், நூலை வெளியிட்டவர் அவருடைய மனைவி. பின்னர் எட்கர் தர்ஸ்டன் வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த அவர், மனிதர்களின் தலை நீளம், மூக்கு அகலம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தார். 1909-இல் அவருடைய "தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்" ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

இந்தப் படங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. படத்தின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது. "தோடா ஆண்", "படுகர் பெண்" என்றிருக்கும். அதாவது, அங்கே நிற்பவர் ஒரு மனிதர் அல்ல. ஒரு கூட்டத்தின் மாதிரி! பூச்சியைக் குத்தி அட்டையில் பெயரெழுதி வைப்பது போலத்தான்.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. அன்றைய ஈரத்தட்டு முறையில் கண்ணாடித் தட்டின் மேல் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவவும் வேண்டும். எடுக்கப்படுபவர் சில விநாடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். ஓடும் வண்டியில் ஒருவரை எடுப்பது என்பதெல்லாம் கனவிலும் நடக்காது. ஆகவே படம் என்றாலே "நில், நிமிர், அசையாதே" என்ற கட்டளைதான். அந்தக் கட்டளையை யார் போட்டார், யார் கேட்டு நின்றார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டைக்குள் ஒளிந்த கேமரா

1870-களின் பிற்பகுதியில் உலர்தட்டுகள் வந்தன. விநாடிகள் என்பது விநாடியின் சிறு பகுதியாகச் சுருங்கியது. 1886-இல் ராபர்ட் கிரே என்ற அமெரிக்கர், வட்டமான தட்டையான ஒரு கேமராவுக்குக் காப்புரிமை பெற்றார். அதை ஸ்டிர்ன் நிறுவனம் தயாரித்து விற்றது. கோட்டுக்குள் கட்டிக்கொண்டால் லென்ஸ் மட்டும் பித்தான் துளை வழியே எட்டிப் பார்க்கும். ஒரு வட்டத் தட்டில் ஆறு படங்கள் எடுக்கலாம்.

இதை வாங்கியவர்களில் ஹோரஸ் எங்கிள் என்பவர் 1880-களின் இறுதியில் அமெரிக்காவில் டிராம் வண்டிகளில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எடுத்தார். பொதுப் போக்குவரத்தில் பயணிகளை எடுத்த மிகப் பழைய படங்களில் அவையும் அடங்கும். நார்வேயில் கார்ல் ஸ்டோர்மர் என்ற மாணவர் 1890-களில் இதே கேமராவோடு ஆஸ்லோ வீதியில் நடந்தார். தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்பவர்களை அப்படியே பிடித்தார். நாடகாசிரியர் இப்சன்கூட அதில் சிக்கினார்! பிற்காலத்தில் ஸ்டோர்மர் துருவ ஒளியை ஆராய்ந்த பெரிய கணித அறிஞரானார்.

1888-இல் கோடக் கேமராவும் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1890-இல், சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் "அந்தரங்க உரிமை" என்ற கட்டுரையை எழுதினார்கள். நொடியில் எடுக்கும் புகைப்படமும் செய்தித்தாள்களும் மனிதனின் தனிமைக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர்களுடைய கவலை. இன்று உலகெங்கும் நீதிமன்றங்கள் பேசும் அந்தரங்க உரிமை என்ற கருத்துக்கே கேமரா ஒரு காரணம் என்பதைக் கவனியுங்கள்.

இருபத்தைந்து ஆண்டு காத்திருந்த புத்தகம்

பயணிகளைப் படமெடுத்தவர்களில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் வாக்கர் இவான்ஸ். அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சியின்போது ஏழை விவசாயிகளை எடுத்துப் புகழ்பெற்றவர் அவர். 1938-இல் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு புதுச் சோதனையைத் தொடங்கினார். 35 எம்.எம். கான்டாக்ஸ் கேமராவின் பளபளப்பான பாகங்களுக்குக் கறுப்பு பூசினார். அதை மார்பில் கட்டி, மேலே ஓவர்கோட் போட்டு, இரண்டு பித்தான்களுக்கு நடுவே லென்ஸை வைத்தார். ஷட்டரை இயக்கும் கம்பி கைச்சட்டைக்குள் ஓடி உள்ளங்கைக்கு வரும். ஃபிளாஷ் கிடையாது. கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கவும் முடியாது. எதிரே யார் வந்து உட்காருகிறாரோ அவர்தான் படம். சில நாட்கள் ஹெலன் லெவிட் என்ற இளம் புகைப்படக்காரர் துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இப்படி 1941 வரை அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அந்தப் படங்களில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் முறைக்கவும் இல்லை. களைப்பு, யோசனை, தூக்கம், பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்த தலை... அவ்வளவுதான். ஸ்டூடியோவில் உட்காரும்போது முகத்தில் ஒரு பாவனை தானாக வந்துவிடும். வீட்டில் தனியாக இருப்பதைவிட, முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த வண்டியில்தான் மனிதர்கள் அந்தப் பாவனையைக் கழற்றி வைக்கிறார்கள் என்பது இவான்ஸின் எண்ணம்.

ஆனால் இங்கே இன்னொன்றும் நடந்தது. ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளர் 1940-லேயே முன்னுரை எழுதித் தந்துவிட்டார். இருந்தும் புத்தகம் 1966-இல்தான் வந்தது, 89 படங்களோடு. ஏஜி அதைப் பார்க்காமலேயே 1955-இல் இறந்து போனார். படத்தில் இருப்பவர்களின் அந்தரங்கம் கெடக்கூடாது என்ற தயக்கம் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இடையில் சில படங்கள் பத்திரிகைகளில் வந்தது உண்மைதான். ஆனாலும் எடுத்த கையோடு காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவரிடம் இல்லை. தாம் செய்ததில் ஓர் ஒற்றனின் வேலை கலந்திருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பஸ் என்பது வெறும் வண்டி அல்ல

பஸ்ஸில் யார் எங்கே உட்காருகிறார் என்பது சமூகத்தின் எக்ஸ்ரே போன்றது. இதைப் படமாகக் காட்டியவர் ராபர்ட் ஃபிராங்க். சுவிட்சர்லாந்தில் பிறந்த அவர், உதவித்தொகை பெற்று 1955-56 ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். 1955 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓர் ஊர்வலத்தை எடுத்துக் கொண்டிருந்தவர், சட்டென்று திரும்பியபோது ஒரு டிராம் கடந்தது. ஒரே ஒரு கிளிக்! ஐந்து ஜன்னல்கள். முன்னால் வெள்ளையர், நடுவில் குழந்தைகள், பின்னால் கறுப்பர். தனது இருக்கையிலிருந்து வெளியே பார்க்கும் கறுப்பு மனிதரின் முகத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அது "அமெரிக்கர்கள்" என்ற அவருடைய நூலின் 1959 அமெரிக்கப் பதிப்புக்கு அட்டைப்படம் ஆனது.

அந்தப் படம் எடுக்கப்பட்ட சில வாரங்களில், 1955 டிசம்பர் 1 அன்று, மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற பெண் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தே போனார்கள். இறுதியில் உச்ச நீதிமன்றம் பஸ்ஸில் இனப் பாகுபாடு செல்லாது என்றது. 1956 டிசம்பர் 21 அன்று எடுக்கப்பட்ட படம் உலகப் புகழ் பெற்றது. ரோசா பார்க்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். பின் இருக்கையில் ஒரு வெள்ளையர் இருக்கிறார். அந்த வெள்ளையரை எதிர்ப்பாளர் என்று பலர் நினைத்தனர். உண்மையில் அவர் ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபர் நிக்கோலஸ் கிரிஸ். படத்துக்காகவே இருவரும் உட்கார வைக்கப்பட்டார்கள்! உலகிலேயே அதிகம் பேர் பார்த்த பஸ் பயணியின் படங்களில் ஒன்று, அமைத்து எடுக்கப்பட்ட படம். ஆனாலும் அது பொய்ப்படம் என்று யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அதில் இருப்பவர் தன் சம்மதத்தோடு, தன் உரிமையைக் காட்டுவதற்காகவே உட்கார்ந்திருந்தார்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதை புதிதல்ல. பஸ் வந்த புதிதில் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள். சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவிட்டார். மாண்ட்கோமரிக்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே நடந்தது இது. பல ஆண்டுகள் கழித்து, 1997-இல், ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் தலைவர் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. கோவை, நீலகிரி மக்கள் 1972 முதல் பார்த்துப் பழகியிருந்த "சேரன்" என்ற பெயரும் அப்படித்தான் பஸ்ஸின் நெற்றியிலிருந்து போனது. ஆக, பஸ்ஸின் உள்ளே இருப்பவர்களின் படம் என்பது அழகுப் படம் மட்டுமல்ல. யார் யாரோடு தோள் உரச உட்கார முடிகிறது என்பதற்கான சாட்சி.

கேட்டு எடுத்தவரும், கூடவே வாழ்ந்தவரும்

இவான்ஸ் ஒளிந்து எடுத்தார். அது மட்டும்தான் வழியா? இல்லை என்று காட்டியவர்கள் இருவர்.

ஒருவர் புரூஸ் டேவிட்சன். 1980-இல் அதே நியூயார்க் சுரங்க ரயிலில், ஆனால் வண்ணத்தில், ஃபிளாஷோடு எடுத்தார். ஃபிளாஷ் அடித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் தான் எடுத்த படங்களை ஒட்டிய சின்ன ஆல்பம் ஒன்றைக் கூடவே வைத்திருந்தார். "உங்களை எடுத்துக் கொள்ளலாமா?" என்று கேட்டு, ஆல்பத்தைக் காட்டுவார். சிலரிடம் எடுத்த பிறகு விளக்குவார். அப்போது அந்த ரயில்கள் கிறுக்கல்களும் வழிப்பறியும் நிறைந்தவை. "சப்வே" என்ற அவருடைய நூல் 1986-இல் வந்தது.

இன்னொருவர் இங்கிலாந்தின் டாம் வுட். அவர் கார் ஓட்டாதவர். லிவர்பூல் பகுதியில் எங்கே போனாலும் பஸ்தான். 1970-களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள், போகிற பஸ்ஸிலேயே எடுத்துக் கொண்டிருந்தார். அந்தப் படங்களின் நூல் 1998-இல் வந்தது. அந்தப் பகுதி மக்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் "போட்டோக்காரர்" என்பதுதான்! வேடிக்கை பார்க்க வந்தவர் ஊர்க்காரர் ஆகிவிட்டார். படம் எடுப்பதற்காக அவர் பஸ் ஏறவில்லை. பஸ் ஏறியதால் படம் எடுத்தார். இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இந்தியாவில் ரகு ராய் 1995-இல் மும்பை சர்ச்கேட் ரயில் நிலையத்தில் எடுத்த படம் மிகப் பிரபலம். ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்ததால் ஓடும் கூட்டம் முழுவதும் புகை போலக் கலங்கித் தெரிகிறது. நடுவே அசையாமல் செய்தித்தாள் படிப்பவர்கள் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள். கூட்டத்தின் முகத்தைக் காட்டாமலே கூட்டத்தைக் காட்டிய படம் அது. 2010-களில் அனுஸ்ரீ ஃபட்நவிஸ் என்ற புகைப்படக்காரர் மும்பை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் தினமும் போகும்போது கைப்பேசியில் எடுத்த படங்களை "ரயில் நாட்குறிப்புகள்" என்ற பொருளில் வெளியிட்டார். காய்கறி நறுக்கும் பெண், குழந்தையோடு தூங்கும் தாய், பூ விற்பவர் என்று ஆண்கள் நுழைய முடியாத ஓர் உலகம் அதில் தெரிந்தது. எடுப்பவரும் அதே பெட்டியில் அதே நெரிசலில் நிற்கும் பெண் என்பதுதான் அந்தப் படங்களின் பலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் தன்னை அறியாமல் எடுத்த படத்தைக் காட்சிக்கு வைத்து விற்றதற்காக யூத முதியவர் ஒருவர் பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற கலைஞர் மீது வழக்குப் போட்டார். உருவப்படம் தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்பதும் அவருடைய வாதம். 2006-இல் நீதிமன்றம், அது கலை, ஆகவே பேச்சுரிமையின் பாதுகாப்பு உண்டு என்று வழக்கைத் தள்ளியது. பிரான்சில் நேர் எதிர். அங்கே ஒருவரின் உருவத்தின் மேல் அவருக்கே உரிமை என்பது வலுவான சட்டம். லுக் டெலஹே என்பவர் 1990-களில் பாரீஸ் மெட்ரோவில் ஒளித்து எடுத்த படங்களை நூலாக்கியபோது அந்தச் சட்டத்தை மீறித்தான் செய்தார். ஜப்பானில் கைப்பேசி கேமரா வந்த சில ஆண்டுகளிலேயே, ரயிலில் பெண்களை ரகசியமாக எடுக்கும் கயவர்களால், அணைக்க முடியாத ஷட்டர் சத்தத்தோடு போன்களைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தியாவில் இந்த விஷயத்தில் முக்கியமான ஒரு தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே வந்தது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு குடிமகனின் அந்தரங்கத்தைப் பற்றி அவருடைய சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு விதிவிலக்கும் தந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பின், 2013-இல் பெண்களின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் தனிக் குற்றமாக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. பஸ்ஸில் பெண்களை முறைப்பது, விசில் அடிப்பது, கண்ணடிப்பது ஆகியவற்றோடு படமோ வீடியோவோ எடுத்துத் தொல்லை தருவதும் சேர்க்கப்பட்டது. அப்படிச் செய்பவரை இறக்கிவிடக் கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் இத்தனை சட்டங்களும் கெட்ட எண்ணத்தோடு எடுப்பவனைத்தான் தடுக்கின்றன. நல்ல எண்ணத்தோடு, கலை என்று நினைத்து எடுப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. அதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மஞ்சூர் பஸ்ஸில் என்ன இருக்கிறது?

இனி மஞ்சூருக்கு வருவோம். இந்தப் பகுதியின் கடந்த எழுபது ஆண்டு வரலாறே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியது. அணைகள், சுரங்கங்கள், மின் நிலையங்கள் என்று வேலைக்காகப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மின் திட்டத்தோடு சாலைகளும் வந்தன. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, பின்னர் டேன்டீ நிறுவனம் ஆனது. குந்தாவிலும் அதன் தோட்டங்கள் உண்டு. அந்தக் குடும்பங்களுக்குப் புகைப்படம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பாஸ்போர்ட் போட்டோதான். எந்த நாட்டுக்காரர் என்று நிரூபிக்க எடுத்த படம்! முகத்தை நேராக வை, சிரிக்காதே என்ற அந்தக் கட்டளையும் பென் காலத்துக் கட்டளையின் பேரப்பிள்ளைதான்.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் கோவைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியில் யானைகள் பஸ்ஸை மறித்து நிற்பது அடிக்கடி செய்தியாகிறது. பயணிகள் கைப்பேசியில் எடுத்த வீடியோக்கள் உடனே எங்கும் பரவுகின்றன. அவற்றில் யானை தெரியும், டிரைவரின் முதுகு தெரியும், பயந்து கத்தும் குரல்கள் கேட்கும். பஸ்ஸில் இருந்தவர்களின் முகம் மட்டும் தெரியாது. யானை வந்தால்தான் அந்த பஸ்ஸே செய்தி.

2021 மே மாதம் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டுவந்தபோது நீலகிரிப் பெண்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. கூலியில் ஒரு பகுதியை டிக்கெட்டுக்குக் கொடுத்து வந்த ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! ஐம்பது ஆண்டுகள் கழித்து யாராவது இந்த மாற்றத்தைப் பற்றி எழுதினால், அரசாணை எண் கிடைக்கும், பட்ஜெட் உரை கிடைக்கும், செலவுக் கணக்கும் கிடைக்கும். முதல் நாள் காசு கொடுக்காமல் டிக்கெட் வாங்கிய அந்த அக்காவின் முகத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஆவணம் வேண்டுமென்றால், யாராவது அன்று படமெடுத்திருக்க வேண்டும்.

இதுதான் சிக்கல். எடுக்காவிட்டால் சாதாரண மனிதர் வரலாற்றில் இல்லாமல் போகிறார். திருட்டுத்தனமாக எடுத்தால் பென் காலத்து "மாதிரி"யாகவே மறுபடியும் ஆகிறார். ஒரு மஞ்சூர்த் தேயிலைத் தொழிலாளி, சுற்றுலா வந்தவரின் கைப்பேசியில் "மலைவாழ் மக்கள்" என்ற தலைப்போடு மாட்டிக்கொண்டால், 1868-க்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு? அன்று பெட்டிக்குள் இருந்த தொகுதி, இன்று கையில் இருக்கிறது. அவ்வளவுதான். இவான்ஸின் படங்கள் பல ஆண்டுகள் பெட்டிக்குள் காத்திருந்தன. இன்றைய படமோ பஸ் அடுத்த வளைவைத் திரும்புவதற்குள் ஆயிரம் பேரைச் சேர்ந்துவிடுகிறது. எடுக்கப்பட்டவரின் தங்கை மகனே அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்யலாம்!

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, நல்ல படங்களில் பல ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போனவர்கள் எடுத்தவை. ஒரு நாள் வந்து போகிறவருக்கு மஞ்சூர் பஸ்ஸில் எல்லாமே வேடிக்கை. தினமும் போகிறவருக்குத்தான் எது வேடிக்கை அல்ல என்பது தெரியும். இரண்டு, கேட்டு எடுத்தால் இயல்பு கெட்டுவிடும் என்ற வாதம் முழு உண்மை அல்ல. டேவிட்சன் கேட்டுத்தான் எடுத்தார், ரோசா பார்க்ஸ் தெரிந்துதான் உட்கார்ந்தார். மூன்று, எடுப்பதைவிடக் காட்டுவதுதான் பெரிய முடிவு. அதற்குக் காத்திருக்கலாம், தவறில்லை.

மலைப் பாதையில் பஸ் மெதுவாகத்தான் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பெயர் கேட்கவும், "ஒரு படம் எடுத்துக்கட்டுமா, அக்கா?" என்று கேட்கவும், எடுத்ததைக் காட்டவும், அடுத்த வாரம் ஒரு பிரதியைக் கொண்டு வந்து கையில் கொடுக்கவும் நேரம் தாராளமாக இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே மலையில் படத்துக்கு நின்ற பலருக்குக் கிடைக்காமல் போனவை இரண்டே இரண்டு. படத்தின் கீழே அவர்களுடைய பெயர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை. இவ்விரண்டையும் கொடுத்துவிட்டுப் பிறகு கேமராவைத் தூக்கினால், மஞ்சூர் பஸ்ஸின் முகங்களும் ஒரு நாள் வரலாறாகும்.